முகத்தை விடுங்கள், ஓட்டுகளைப் படியுங்கள்: அவலான் ஆடும் முறை

யார் பொய் சொல்கிறார் என்று கண்டுபிடிக்கிற ஆட்டத்தில் புதிதாக உட்காருகிறவர்கள் முதலில் செய்வது எதிரே இருப்பவரின் முகத்தை உற்றுப் பார்ப்பதுதான். சிரித்தால் சந்தேகம், தண்ணீர் குடித்தால் சந்தேகம், பேசாமல் இருந்தால் இன்னும் பெரிய சந்தேகம். ராஜா ராணி போலீஸ் திருடனில் அதைத் தவிர வேறு வழி இல்லை. போலீஸ் சீட்டு வந்தவருக்கு முகம் மட்டுமே தடயம். அவலான் அப்படி இல்லை. ஒவ்வொருவரும் எல்லோர் முன்னிலையிலும் திரும்பத் திரும்ப ஓட்டுப் போட்டே ஆகவேண்டும். அந்த ஓட்டுகளைச் சேர்த்துப் படிக்கத் தெரிந்த நல்லவர்கள் கெட்டவர்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதே ஓட்டுகளைக் கெட்டவர்களும் கடைசியில் படிப்பார்கள், கைக்கு வந்த வெற்றியைப் பறித்துக்கொண்டும் போவார்கள். இந்த இரண்டு வாசிப்புகளுக்கும் நடுவில்தான் ஆட்டத்தின் சுவை முழுவதும் இருக்கிறது.

இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூலம் மாஃபியா. 1980களில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்த திமித்ரி டவிடோஃப் உருவாக்கியது. அதில் ஒரு பெரிய குறை உண்டு. முதல் இரவிலேயே 'செத்துப்போனவர்' ஆட்டம் முடியும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நடத்துநர் என்று ஒருவர் ஆடாமலே இருக்கவும் வேண்டும். டான் எஸ்க்ரிட்ஜ் வடிவமைத்த தி ரெசிஸ்டன்ஸ் இந்த இரண்டையும் நீக்கியது. அதே எலும்புக்கூட்டின் மேல் ஆர்தர் மன்னர் கதையின் பாத்திரங்களை ஏற்றி 2012இல் வந்ததுதான் அவலான். யாரும் வெளியேறுவதில்லை, எல்லோரும் கடைசிவரை ஆடுகிறார்கள். 5 முதல் 10 பேர் வரை ஆடலாம். பழகியவர்களுக்கு அரை மணி நேரம் போதும், முதல் ஆட்டம் அதைப்போல் இரண்டு மடங்கு இழுக்கும்.

சட்டம் எளிது. சீட்டு எடுத்து ரகசியமாக நல்லவர், கெட்டவர் என்று பிரிகிறார்கள். கெட்டவர்களுக்குத் தங்களுக்குள் யார் யார் என்று தெரியும். நல்லவர்களில் மெர்லின் ஒருவரைத் தவிர மற்றவர்களுக்கு யாரையும் தெரியாது. கெட்டவர்கள் யார் என்பது மெர்லினுக்குத் தெரியும். மொத்தம் ஐந்து மிஷன். ஒவ்வொரு மிஷனுக்கும் லீடர் ஒரு குழுவை முன்மொழிகிறார், எல்லோரும் ஓட்டுப் போடுகிறார்கள். பாதிக்கு மேல் சம்மதம் வந்தால் குழு மிஷனுக்குப் போகிறது. சரிபாதி வந்தால் அது மறுப்புதான். மறுத்தாலும், மிஷன் நடந்து முடிந்தாலும் லீடர் பதவி இடப்பக்கம் நகர்கிறது. ஒரே மிஷனில் தொடர்ந்து ஐந்து குழுக்கள் மறுக்கப்பட்டால் கெட்டவர்கள் வென்றுவிட்டார்கள்.

குழுவில் போகிறவர்கள் ஆளுக்கொரு சீட்டை ரகசியமாகக் கவிழ்த்துப் போடுவார்கள். நல்லவர் 'வெற்றி'யைத்தான் போட வேண்டும், அவருக்கு வேறு உரிமை இல்லை. கெட்டவர் எதை வேண்டுமானாலும் போடலாம். கலக்கித் திறந்து பார்க்கும்போது ஒரு 'தோல்வி' இருந்தாலும் மிஷன் தோற்றது. மூன்று மிஷன் தோற்றால் கெட்டவர்கள் வெற்றி. மூன்று வென்றால் நல்லவர்கள் பாதிதான் ஜெயித்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் கெட்டவர்கள் கலந்து பேசி, அவர்களில் 'கொலையாளி' சீட்டு வைத்திருப்பவர் ஒருவரை மெர்லின் என்று சுட்ட வேண்டும். சரியாகச் சுட்டினால் எல்லாம் தலைகீழ், வெற்றி கெட்டவர்களுக்கு.

எத்தனை பேருக்கு எத்தனை கெட்டவர்கள், எந்த மிஷனுக்கு எத்தனை பேர் என்பதை ஒரு தாளில் எழுதி நடுவில் வைத்துவிடுங்கள். ஆட்டத்தின் நடுவில் இதற்காக வாக்குவாதம் வரக்கூடாது.

5 பேர்: கெட்டவர் 2. குழு 2, 3, 2, 3, 3
6 பேர்: கெட்டவர் 2. குழு 2, 3, 4, 3, 4
7 பேர்: கெட்டவர் 3. குழு 2, 3, 3, 4, 4
8 பேர்: கெட்டவர் 3. குழு 3, 4, 4, 5, 5
9 பேர்: கெட்டவர் 3. குழு 3, 4, 4, 5, 5
10 பேர்: கெட்டவர் 4. குழு 3, 4, 4, 5, 5

7 பேரும் அதற்கு மேலும் ஆடும்போது நான்காவது மிஷன் மட்டும் தோற்க இரண்டு 'தோல்வி' சீட்டு வேண்டும். புதியவர்கள் இருக்கும் மேசையில் இதைத்தான் அதிகம் மறக்கிறார்கள். நான்காவது மிஷனுக்கு ஓட்டெடுக்கும் முன் லீடர் அதை வாய்விட்டுச் சொல்வது நல்லது.

சீட்டு தயாரிப்பதில் வரும் கோளாறு

பெட்டி விலைக்குக் கிடைக்கிறது. இல்லாமலும் ஆடலாம். ஆனால் வீட்டில் தயாரிக்கும்போது சின்னக் கவனக்குறைவு ஆட்டத்தையே உடைத்துவிடும்.

பாத்திரங்களுக்குச் சாதாரணச் சீட்டுக்கட்டு போதும். ஆட்டின் (ஹார்ட்) ராஜா மெர்லின், ஆட்டின் எண் சீட்டுகள் மற்ற நல்லவர்கள், ஸ்பேடு ஏஸ் கொலையாளி, ஸ்பேடு எண் சீட்டுகள் மற்ற கெட்டவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மிஷனுக்கு மட்டும் சீட்டுக்கட்டைப் பயன்படுத்தாதீர்கள். சிவப்பு வெற்றி, கறுப்பு தோல்வி என்று பலரும் ஆரம்பிக்கிறார்கள். இரண்டு பேர் போன மிஷனில் ஒரு டைமண்ட் 9, ஒரு கிளாவர் 4 விழுந்தது என்று வையுங்கள். நல்லவர் உடனே "டைமண்ட் 9 நான் போட்டது, நீங்கள் எந்தச் சிவப்புச் சீட்டு வைத்திருந்தீர்கள் என்று சொல்லுங்கள்" என்று கேட்டுவிடுவார். மேசையில் இருப்பது ஒரே ஒரு சிவப்பு. முன்னதாகவே யார் கையில் எந்த எண் என்று சொல்லிவிடும் பழக்கம் வந்துவிட்டால் பொய்க்கே இடமில்லை. மிஷன் சீட்டில் எண்ணோ அடையாளமோ இருக்கக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

ஒரே மாதிரியான பழைய விசிட்டிங் கார்டுகள் பத்து எடுத்து, அச்சில்லாத பக்கத்தில் ஐந்தில் 'வெற்றி', ஐந்தில் 'தோல்வி' என்று எழுதுங்கள். மிகப் பெரிய குழுவே ஐந்து பேர்தான், எனவே பத்துக்கு மேல் தேவைப்படாது. ஒரே ஆள், ஒரே பேனா. நோட்டுப் புத்தகத் தாள் வேண்டாம். மை மறுபக்கம் தெரியும், மடித்த விதத்தை வைத்து யாருடையது என்றும் கண்டுபிடித்துவிடுவார்கள். குழுவில் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டையும் கொடுங்கள். ஒன்று மிஷன் குவியலுக்கு, மற்றது கழிவுக் குவியலுக்கு, இரண்டும் கவிழ்த்தே போக வேண்டும். கழிவுக் குவியலைத் திறக்காமல் கலக்கி அடுத்த மிஷனுக்கு எடுத்துவைப்பதை, அந்தக் குழுவில் இல்லாத ஒருவர் செய்யட்டும்.

இன்னொரு கசிவு நேரம். நல்லவருக்கு யோசிக்க ஒன்றுமில்லை, பட்டென்று போட்டுவிடுவார். கெட்டவர் தயங்குவார். அதனால் எல்லோரும் இரண்டு சீட்டையும் பார்த்துவிட்டு, லீடர் மூன்று எண்ணிய பிறகே வைப்பது என்று பழக்குங்கள்.

குழுவை ஏற்கும் ஓட்டுக்குச் சீட்டே வேண்டாம். ஆளுக்கு ஒரு ரூபாய்க் காசோ புளியங்கொட்டையோ போதும். மேசைக்குக் கீழே கையை மாற்றி, மூடிய முஷ்டியை முன்னால் நீட்டி, எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். காசு இருந்தால் சம்மதம், வெறுங்கை மறுப்பு. கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் முறையில் அரை நொடி தாமதித்து மற்றவர்களைப் பார்த்து விரலைத் திருப்புகிறவர்கள் இருப்பார்கள். காசு முறையில் அது நடக்காது.

கண்ணை மூடும் நேரம்

வட்டமாக உட்கார்ந்து சீட்டைப் பார்த்த பிறகு, ஒருவர் அறிவிப்பைச் சொல்ல வேண்டும். அவரும் ஆடுகிறவர்தான், தானும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். வரிசை இதுதான்:

"எல்லோரும் கண்ணை மூடி, முஷ்டியை முன்னால் நீட்டுங்கள். கெட்டவர்கள் மட்டும் கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பாருங்கள். கண்ணை மூடுங்கள். கெட்டவர்கள் கட்டை விரலை உயர்த்துங்கள். மெர்லின் கண்ணைத் திறந்து பாருங்கள். விரலை மடக்குங்கள், மெர்லின் கண்ணை மூடுங்கள். எல்லோரும் கண்ணைத் திறக்கலாம்."

ஒவ்வொரு கட்டத்துக்கும் மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். "பார்த்தாச்சா?" என்று கேட்காதீர்கள். யாராவது "ம்" என்றால் அந்த ஆட்டம் முடிந்தது. முஷ்டியை முன்னாலேயே நீட்டி வைப்பதற்கும் காரணம் உண்டு. மடியிலிருந்து கையைத் தூக்கினால் துணி உரசும், வளையல் சத்தம் கேட்கும். விரலை மட்டும் உயர்த்தினால் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. கழுத்தைத் திருப்பினாலும் சத்தம் வரும், கண்ணை மட்டும் சுழற்றச் சொல்லுங்கள். மின்விசிறி ஓடட்டும். போனைக் கவிழ்த்து வையுங்கள், திரை ஒளிர்ந்தால் மூடிய இமைக்குள்ளும் தெரியும்.

அறிவிப்பில் ஒரு வரி தவறிப்போனாலோ யாராவது இடையில் கண் திறந்தாலோ, தயங்காமல் சீட்டைத் திரும்ப வாங்கிக் கலக்கிவிடுங்கள். அரைகுறைத் தகவலுடன் தொடங்கிய ஆட்டத்தில் பின்னால் எந்த வாதத்துக்கும் அடிப்படை இருக்காது.

ஓட்டுத் தாள்

இதைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட வற்புறுத்திச் சொல்ல வேண்டும். எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி ஒரு பெரிய தாளில் ஓட்டுகளைக் குறித்துவையுங்கள். இடப்பக்கம் பெயர்கள். ஒவ்வொரு முன்மொழிவுக்கும் ஒரு பத்தி: லீடர் பெயருக்குக் கீழே கோடு, குழுவில் இருப்பவர்களைச் சுற்றி வட்டம், சம்மதத்துக்கு ஒரு குறி, மறுப்புக்கு ஒரு குறி. மிஷன் நடந்தால் எத்தனை 'தோல்வி' விழுந்தது என்ற எண். மறுக்கப்பட்ட குழுக்களையும் விடாமல் எழுத வேண்டும். நடக்காத மிஷனுக்குப் போட்ட ஓட்டில்தான் பலரும் அசட்டையாக இருப்பார்கள், உண்மை அங்கேதான் நழுவும்.

தாள் இல்லாமல் ஆடினால் மூன்றாவது மிஷனுக்குள் எல்லோரும் மறந்துவிடுவார்கள். பிறகு சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதே வரலாறு ஆகிவிடும்.

ஐந்து பேர் ஆடும் ஆட்டம் ஒன்றைப் பார்க்கலாம். வட்டமாக க, ச, த, ப, ம. கெட்டவர்கள் ச, ப. மேசையில் மற்றவர்களுக்கு இது தெரியாது.

முதல் மிஷன், லீடர் க. குழு க, ச. ம மட்டும் மறுத்தார், மற்ற நால்வரும் சம்மதம். மிஷன் வென்றது. இரண்டு பேர் மட்டும் போன முதல் மிஷனில் 'தோல்வி' போட்டால் உடனே சந்தேகம் பாதிக்குப் பாதி தன் மேல் விழும் என்பதால், ச 'வெற்றி'யைப் போட்டுவிட்டார். நல்ல ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்வார்கள். ஆக, முதல் மிஷன் வென்றது யாருடைய நல்லதனத்துக்கும் சான்று அல்ல.

இரண்டாவது, லீடர் ச. குழு ச, த, ப. மூவரும் சம்மதம், வெளியே இருந்த க, ம மறுப்பு. ஒரு 'தோல்வி' விழுந்தது. இங்கே ஒரு கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரில் நல்லவர் மூன்றே பேர். நான் நல்லவர், மூவர் குழுவில் நான் இல்லை என்றால், அந்தக் குழுவில் ஒரு கெட்டவராவது கட்டாயம் இருக்கிறார். எனவே தான் இல்லாத மூவர் குழுவுக்கு நல்லவர் ஒருநாளும் சம்மதம் போடக்கூடாது. க, ம இருவரும் மறுத்தது சரி. அந்த மிஷன் தோற்றதில் கவுக்குப் புதிய தகவல் எதுவுமே இல்லை, அது முன்பே தெரிந்த விஷயம். தவுக்கோ தகவல் உண்டு: க, ம இருவருமே கெட்டவர்கள் என்ற ஒரு சாத்தியம் அடிபட்டுவிட்டது. மீதி ஐந்து ஜோடிகள்.

மூன்றாவது, லீடர் த. குழு த, க. த, க, ம சம்மதம், ச, ப மறுப்பு. வென்றது.

நான்காவது, லீடர் ப. குழு ப, க, ம. ப, ச சம்மதம், மற்ற மூவர் மறுப்பு, எனவே குழு விழுந்தது. ஆனால் தாளில் பாருங்கள்: தான் இல்லாத மூவர் குழுவுக்கு ச சம்மதம் போட்டிருக்கிறார். அவர் நல்லவராக இருந்தால் போட முடியாத ஓட்டு அது. கூட்டாளி உள்ளே போகிறார் என்ற அவசரத்தில் கை தவறிவிட்டது. லீடர் பதவி மவுக்கு வந்தது. ம, க, த என்று குழு. மூன்று ஓட்டில் ஏற்கப்பட்டு வென்றது. நல்லவர்களுக்கு மூன்று மிஷன்.

இப்போது தாளைக் கொலையாளி கையில் எடுக்கிறார். த இரண்டாவது மிஷனில் ச, ப இருவருடனும் போகச் சம்மதித்தவர், அவர் மெர்லினாக இருக்க வாய்ப்பு குறைவு. க முதல் மிஷனுக்குச் சவைத் தானே கூட்டிப்போனவர். ம? கெட்டவர் இருந்த எந்தக் குழுவுக்கும் ஒருமுறைகூடச் சம்மதம் போடவில்லை. எதுவும் தெரியாத முதல் மிஷனிலேயே தனியாக மறுத்திருக்கிறார். கொலையாளி விரலை நீட்டுகிறார், ஆட்டம் கெட்டவர்களுக்குப் போகிறது.

ம செய்ய வேண்டியிருந்தது என்ன? முதல் குழுவுக்குச் சம்மதம் போட்டிருக்கலாம். நல்லவர்கள் இரண்டு மிஷன் வரை தோற்றாலும் ஜெயிக்க வழி இருக்கிறது. அந்த இரண்டையும் மெர்லின் தன்னை மறைத்துக்கொள்ளும் செலவாகக் கணக்கிட வேண்டும். ஒருமுறையாவது தோற்கப்போகும் குழுவுக்கு, தெரிந்தே, மனப்பூர்வமாகப் பேசிச் சம்மதம் போட்டிருந்தால்தான் கடைசியில் கொலையாளி தடுமாறுவார். எல்லாம் தெரிந்தும் தவறாக ஓட்டுப் போடுவது கசக்கும், மெர்லின் பாத்திரத்தின் கஷ்டமே அதுதான்.

இதில் மற்ற நல்லவர்களுக்கும் கடமை உண்டு. மெர்லினை யாருக்கும் தெரியாது, அதனால் அவரைக் காப்பாற்ற முடியாது என்று நினைப்பார்கள். முடியும். எதுவும் தெரியாத சாதாரண நல்லவர், தெரிந்தவர்போல உறுதியாகப் பேசலாம், முதல் குழுவைக் காரணமில்லாமல் மறுக்கலாம். அவர்மேல் குறி விழுந்தால் மெர்லின் தப்பினார். கெட்டவர்கள் மட்டும்தான் ஏமாற்றுவார்கள் என்று நல்லவர்கள் நேர்மையாகவே ஆடிக்கொண்டிருந்தால் மெர்லின் தனித்துத் தெரிவார். கண்ணை மூடிக்கொண்டு சுட்டினாலே ஐந்து பேர் ஆட்டத்தில் மூன்றில் ஒரு வாய்ப்பு, ஏழு பேரில் நான்கில் ஒன்று, பத்துப் பேரில் ஆறில் ஒன்று. தாள் கொடுக்கும் துப்பும் சேர்ந்தால் அது எங்கேயோ போய்விடும்.

மூவர் குழுக் கணக்கு ஐந்து பேருக்கு மட்டுமல்ல. குழுவின் அளவும் நல்லவர்களின் எண்ணிக்கையும் சமமாகும் இடமெல்லாம் பொருந்தும். 6 பேர் ஆட்டத்தில் நால்வர் போகும் மூன்றாவது, ஐந்தாவது மிஷன். 7 பேரில் ஐந்தாவது. 8 பேரில் ஐந்தாவது. நான்காவது மிஷனுக்கு இரண்டு 'தோல்வி' தேவைப்படும்போது ஒரு கெட்டவர் உள்ளே இருந்தாலும் மிஷன் தப்பிக்கலாம், ஆகவே அங்கே இதே கடுமை வேண்டாம். 9, 10 பேர் ஆடும்போது நல்லவர் ஆறு, குழு ஐந்துக்கு மேல் போகாது, அதனால் இந்தக் கணக்கே எழாது.

ஐந்தாவது முன்மொழிவுக்கும் தனி விதி. நான்கு முறை மறுத்தாகிவிட்டால் ஐந்தாவது குழு எவ்வளவு மோசமாக இருந்தாலும் நல்லவர் சம்மதம்தான் போட வேண்டும், மறுத்தால் ஆட்டமே போய்விடும். அந்த நேரத்தில் மறுப்புக் காட்டியவர் தன்னைத் தானே காட்டிக்கொடுத்தவர், அல்லது விதி தெரியாத புதியவர். எனவே மிஷன் தொடங்கும்போதே ஐந்தாவது லீடர் யாராக வரும் என்று விரல்விட்டு எண்ணுங்கள். அந்த இடத்தில் நம்பிக்கையில்லாதவர் இருந்தால் மூன்றாவது, நான்காவது குழுவிலேயே ஏதோ ஒன்றை ஏற்றுக்கொள்வது மேல்.

கெட்டவராக ஆடும்போது

பொய் சொல்லத் தெரியாது என்று பலர் பயப்படுகிறார்கள். இந்த ஆட்டத்தில் சொல்ல வேண்டிய பொய் ஒன்றே ஒன்றுதான்: நான் நல்லவர். மற்றதெல்லாம் அந்த ஒரு பொய்யிலிருந்து தானாக வர வேண்டும். பேசுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: நான் உண்மையிலேயே நல்லவராக இருந்தால் இந்த நிமிடத்தில் எனக்கு என்ன தெரிந்திருக்கும்? கெட்டவர்கள் மாட்டுவது பெரும்பாலும் தெரியக்கூடாததைத் தெரிந்துவைத்திருப்பதால்தான். "அவர் நல்லவர்தான், அவரைப் போடுங்கள்" என்று எந்த ஆதாரமும் இல்லாமல் வாயில் வந்துவிடும். அல்லது கூட்டாளியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமலே ஆட்டம் முழுக்க ஓடிவிடும்.

இரண்டு பேர் போன மிஷன் தோற்கும் நேரம் இதற்கு நல்ல சோதனை. அதில் இருந்த நல்லவருக்குச் சந்தேகமே கிடையாது. தான் 'தோல்வி' போடவில்லை, எனவே மற்றவர்தான். முதல் வார்த்தையே "இவர்தான்" என்று வரும். கெட்டவரோ "எங்கள் இருவரில் யாரோ ஒருவர்" என்று பொதுவாகப் பேச ஆரம்பிப்பார். வெளியில் இருப்பவரின் நிலை அது, உள்ளே இருந்தவரின் நிலை அல்ல. மாட்டிக்கொண்ட கெட்டவர் தயங்காமல் அதே உறுதியோடு எதிரில் இருப்பவரைச் சுட்ட வேண்டும்.

இரண்டு கெட்டவர்கள் ஒரே குழுவில் மாட்டினால் இருவருமே 'தோல்வி' போட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. மூவர் குழுவில் இரண்டு 'தோல்வி' விழுந்தால் மீதி நல்லவருக்கு இருவரும் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். பேசிவைத்துக்கொள்ள வழியில்லை என்பதால், பழகிய மேசைகளில் எல்லோரும் அறிந்த ஒரு வழக்கம் இருக்கும்: லீடர் கெட்டவராக இருந்தால் 'தோல்வி' அவர் பொறுப்பு, இல்லையென்றால் லீடருக்கு இடப்பக்கம் எண்ணும்போது முதலில் வரும் கெட்டவர். ஆட்டம் தொடங்குமுன் எல்லோருக்கும் முன்னால் இதைச் சொல்லிவிடலாம், அதில் ரகசியம் ஒன்றுமில்லை.

ஓட்டிலும் கூட்டமாகச் சேராதீர்கள். மூன்று கெட்டவர்களும் ஒரே மாதிரி நான்கு முறை ஓட்டுப் போட்டிருந்தால் தாளே காட்டிக்கொடுத்துவிடும். நல்லவர்கள் மட்டுமே இருக்கும் ஒரு குழுவுக்கு ஆரம்பத்தில் ஒருமுறை சம்மதம் போட்டுவைப்பது, பின்னால் இரண்டு மிஷனுக்கு நம்பிக்கை வாங்கித் தரும்.

மேசை கெடும் இடங்கள்

ஆட்டத்துக்கு முன்பே தடை செய்ய வேண்டியது சத்தியம். "அம்மா மேல சத்தியமா நான் நல்லவன்" என்று யாராவது சொல்லிவிட்டால் மற்றவர்களும் சொல்ல வேண்டிவரும். சொல்லத் தயங்கியவர் மாட்டிக்கொள்வார், சொன்னவர் வீட்டுக்குப் போய் வருத்தப்படுவார். பிள்ளைகள் தலையில் கைவைப்பது, சாமி பெயர், பணப் பந்தயம் எல்லாம் இதே வகை. சீட்டைக் காட்டுவதும், காட்டுவதாகச் சொல்வதும் கூடாது.

பேசாமல் இருப்பவரையும் புதியவரையும் எல்லோரும் முதலில் குறிவைப்பார்கள். புதியவருக்குக் கை நடுங்குவது பொய் சொல்வதால் அல்ல, விதி குழம்புவதால். ஒவ்வொரு குழுவுக்கும் ஓட்டெடுக்கும் முன் வட்டமாகச் சுற்றி ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள். சத்தக்காரர்கள் இருவரே ஆட்டத்தை நடத்துவதும் இதனால் குறையும். ஒரு முன்மொழிவுக்கு மூன்று நிமிடம் என்று போனில் அலாரம் வைத்தால் இழுவை நிற்கும். கணவன் மனைவி, அண்ணன் தம்பி இருக்கும் மேசையில் "நீ பொய் சொன்னா எனக்குத் தெரியும்" என்ற பேச்சு வரும். அதைத் தடுக்க முடியாது. ஆனால் தாளில் இருக்கும் ஏதாவது ஒரு ஓட்டைச் சுட்டித்தான் யாரையும் குற்றம் சாட்டலாம் என்று வைத்துவிட்டால், பேச்சு ஆட்டத்துக்குள் திரும்பிவிடும், மனக்கசப்பும் வராது.

அடுத்தடுத்த ஆட்டங்களுக்கு

புதியவர்கள் அதிகம் என்றால் முதல் ஆட்டத்தில் மெர்லினே வேண்டாம். வெறும் நல்லவர், கெட்டவர் மட்டும். ஓட்டும் மிஷனும் கைவந்த பிறகு மெர்லினையும் கொலையாளியையும் சேருங்கள். அப்புறம் பெர்சிவல், மோர்கானா. பெர்சிவல் நல்லவர். மெர்லின் பார்த்து முடித்த பிறகு மெர்லினும் மோர்கானாவும் விரல் உயர்த்த, அவர் அந்த இருவரையும் பார்ப்பார். இருவரில் யார் உண்மையான மெர்லின் என்பது தெரியாது. மோர்கானா கெட்டவர், அவர் வேலையே மெர்லின்போல நடிப்பது. பெர்சிவல் நடுவில் தன்னை அறிவித்துவிட்டால் கொலையாளியின் பட்டியலில் ஒரு பெயர் குறைந்தது என்று அர்த்தம், ஆகவே வாயை மூடிக்கொண்டு தானே மெர்லின்போலப் பேசுவதுதான் அவருக்கு அழகு. ஐந்து பேர் ஆட்டத்தில் பெர்சிவலைச் சேர்த்தால் மோர்கானாவையோ மோர்ட்ரெட்டையோ கட்டாயம் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் நல்லவர் பக்கம் தராசு சாய்ந்துவிடும்.

மோர்ட்ரெட் மெர்லின் கண்ணுக்குத் தெரியாத கெட்டவர், விரலை உயர்த்த மாட்டார். கெட்டவர்கள் தொடர்ந்து தோற்கும் மேசைக்கு அவர்தான் மருந்து. ஓபரான் கெட்டவர்தான், ஆனால் கூட்டாளிகளுக்கு அவரையும் அவருக்குக் கூட்டாளிகளையும் தெரியாது. மற்றக் கெட்டவர்கள் கண் திறக்கும்போது அவர் திறக்கக்கூடாது, மெர்லினுக்காக விரலை மட்டும் உயர்த்துவார். அவரைச் சேர்த்தால் நல்லவர்களுக்குத்தான் லாபம். 9 பேர் ஆடும்போது ஆறுக்கு மூன்று என்று நல்லவர் பக்கம் கனமாக இருக்கும், அங்கே மோர்ட்ரெட், மோர்கானா இருவரையும் போடுங்கள். முதன்முறை ஆடுவதற்கு 7 பேர் மிகச் சரியான எண்ணிக்கை. பத்துப் பேர் என்றால் சத்தம் அதிகம், ஐந்து என்றால் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சீட்டுகளைத் திறந்து, ஓட்டுத் தாளை நடுவில் வைத்து, ஐந்து நிமிடம் ஒவ்வொரு பத்தியாகப் பாருங்கள். எந்த ஓட்டில் யார் ஏன் அப்படிப் போட்டார் என்று அவரவரே சொல்லட்டும். பிறகு அடுத்த ஆட்டத்துக்குப் புதுத் தாள் எடுங்கள், சீட்டைக் கலக்குவதை இந்த முறை வேறொருவர் செய்யட்டும்.